முன்னுரைக்குச் சீட்டு குலுக்கிய வகுப்பு

விதி ஏழு, உட்பிரிவு ஆ: "போட்டிக்கு அனுப்பப்படும் கட்டுரை, தலைப்பு முதல் கடைசி முற்றுப்புள்ளி வரை மாணவரின் சொந்த ஆக்கமாக இருத்தல் வேண்டும். அவ்வாறே உள்ளது எனச் சரிபார்ப்பாளர் சான்றளித்தல் வேண்டும்."

கல்வி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நுழைந்து, கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். இதைவிடத் தெளிவான விதியை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அதில் வரும் சரிபார்ப்பாளரும் நான்தான்.

அந்த விதித்தாள் மேசைமேல் இருந்தது. அதன்மேல் தேசப்பனின் கட்டுரை. அது பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பெரிய கிளிஞ்சல். ஏரிக்கரைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறை. மத்தியான வெயிலில் கருவாடு காய்கிற வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, எங்களோடு சேர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தது.

தேசப்பனின் கட்டுரை இப்படித் தொடங்கியது: "என் அம்மா ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவும்போது, சேற்றுக்குள் வழவழப்பாக ஏதோ காலில் பட்டது. மீன் என்று நினைத்தாள். அது டச்சுக்காரர் வீட்டு ஓடு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தேசப்பனின் அம்மாவை எனக்குத் தெரியும். தோணிரேவில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவர் சட்னியில் நான் பலமுறை குறை கண்டிருக்கிறேன்.

"டேய், உங்கம்மா எப்போடா இறால் தடவப் போனாங்க?"

"எங்கம்மா போவாது சார். அதுக்குத் தண்ணின்னாலே பயம்."

"அப்போ இது?"

"முன்னுரைல மட்டும் போச்சு சார்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த கட்டுரையை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் உடல் ஒருவருடையதாகவும் தலை இன்னொருவருடையதாகவும் இருந்தது. மறுநாள் மாலைக்குள் எல்லாம் மாவட்டப் போட்டிக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரியான ஆள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு, பழைய அலுவலக நண்பர் ஒருவர், "நீ பின்னால் போனால் திரும்பி வர நாளாகும்" என்று தொலைபேசியில் எச்சரித்தார். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். சுருக்கமாகவே போகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு திருப்பாலைவனத்தில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். நான் வரப்பில் நின்று நாற்று நடவை மேற்பார்வை செய்தேன். நடுகிற பெண்களில் ஒருத்தி, "பெரியவரே, நெழல் வுழுது, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள். அத்தோடு என் விவசாயம் முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரைப் பள்ளியின் தமிழாசிரியை மேரி டீச்சர் வீட்டுக்கு வந்தார். மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி. தலைப்பு: டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு. தேர்வாகும் மாணவருக்குப் பரிசு, கோப்பையோ சான்றிதழோ இல்லை. மாவட்டத் தலைநகரில் மேல்நிலைப் படிப்புக்கு இடம், விடுதியும் சாப்பாடும் இலவசம். ஏரிக்கரைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் தினமும் பஸ்.

"பசங்க நடுப்பகுதியை நல்லா எழுதிடுறாங்க சார். ஆரம்பிக்கவும் முடிக்கவும்தான் வரமாட்டேங்குது. முன்னுரை, முடிவுரை மட்டும் நீங்க சொல்லிக் குடுத்து, கடைசில சரிபார்ப்பாளரா ஒரு கையெழுத்து போட்டா போதும்."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "சரியான ஆளைத்தான் புடிச்சீங்க டீச்சர். இவருக்கு ஆரம்பிக்கவும் முடிக்கவும் மட்டும்தான் தெரியும். நடுவுல ஒண்ணும் இருக்காது."

அவள் சொன்னதை மறுக்க முடியாது. "பார்வையில் காணும் கடிதத்தின்பால் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று ஆரம்பித்து, "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடிப்பேன். இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை.

கல்லில் எழுதிய கட்டுரை

முதல் வகுப்பை டச்சுக் கல்லறையில் வைத்துக்கொண்டேன். டச்சுக்காரர்கள் எதையும் எழுதி வைக்காமல் விட்டதில்லை என்று கேள்வி. அதனாலேயே அவர்கள்மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம் உண்டு. வாசலில் மண்டையோடும் எலும்புமாகச் செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றைக் கடந்து உள்ளே போனால், பெரிய பெரிய கல்பலகைகள் வெயிலில் கொதித்துக்கொண்டு கிடக்கும். செருப்பில்லாத பிள்ளைகள் கல்லைவிட்டுக் கல் தாவினார்கள்.

நான் ஒரு கல்லின் முன் நின்று பேருரை ஆற்றினேன். "இதுதான் முன்னுரை. இன்னார், இந்த ஊரில் பிறந்தார். இதோ முடிவுரை. இந்த நாளில் இறந்தார். எவ்வளவு கச்சிதம் பாருங்கள்."

"நடுவுல அந்தாளு இன்னா பண்ணாருன்னு யாரு சார் எயுதுவாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவள்தான் கோமதி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைக் கூடையை, பறியை, வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். பத்தாவதோடு நிறுத்திவிடுவது என்று அவளுடைய அப்பா முடிவு செய்திருந்தார். தினமும் பஸ்ஸுக்குக் கொடுக்க வழியில்லை. விடுதியில் இடம் கிடைத்தால் மட்டும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இது வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் அதைப் பரிதாபமாகப் பேசவில்லை. இன்று காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது போலத்தான் சொன்னார்கள்.

அவளுடைய கேள்விக்கு, "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று பதில் சொன்னேன்.

படிவம்

பிள்ளைகளே ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்து, முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மதிப்பீடு எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். இதற்காக நான் ஒரு படிவம் தயாரித்தேன். படிவம் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. "முன்னுரை வாசகரை ஈர்க்கிறதா? ஆம் / இல்லை / பொருந்தாது" என்பது முதல் கேள்வி. எந்த முன்னுரைக்குப் பொருந்தாது என்று மேரி டீச்சர் கேட்டார். படிவம் என்றால் பொருந்தாது என்று ஒரு கட்டம் இருந்தாக வேண்டும் என்று விளக்கினேன்.

பிள்ளைகள் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் குறிப்பும் மதிப்பெண்ணும் எழுதினார்கள்.

தேசப்பனின் முன்னுரை, "டச்சுக்காரர் என்போர் டச்சு நாட்டைச் சேர்ந்தவர் ஆவர்" என்பது. அதன் ஓரத்தில் கோமதி எழுதியிருந்தாள்: "இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று சொல்." காலில் ஓடு தட்டிய அவளுடைய முன்னுரைக்குத் தேசப்பன் எழுதியது: "சூப்பர். படிச்சா தண்ணி சில்லுனு கீது." முடிவுரைகள் எல்லாமே "எனவே நாம் அனைவரும் பழம்பெருமையைப் பாதுகாப்போமாக" என்று முடிந்தன. அவற்றுக்கு ஒரே மாதிரி, "இதுவும் அதே" என்று குறிப்பு.

கோமதி மட்டும் வேறு மாதிரி முடித்திருந்தாள். "அந்த ஓட்டின்மேல் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் இருக்கிறது. ஆடாமல் நிற்கிறது." அதன் ஓரத்தில் தேசப்பன், "முடிஞ்சிதா இல்லியானே தெர்ல. ஆனா இன்னொரு வாட்டி படிச்சேன்" என்று எழுதியிருந்தான். அலுவலகத்தில் என் கீழே வேலை பார்த்த யாரும் இவ்வளவு நேர்மையான குறிப்பை ஒரு கோப்பில் எழுதியதில்லை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. உதாரணத்துக்கு இருக்கட்டும் என்று நானும் ஒரு முன்னுரை எழுதி, பெயர் போடாமல் கட்டுக்குள் செருகினேன். "வரலாற்று ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போமாயின், கடல் கடந்து வந்த வணிகப் பெருமக்கள் பலருள்ளும் தனித்தன்மை மிக்கோராய்த் திகழ்ந்த டச்சுக்காரரின் அரும்பணிகள் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கன." எழுதி முடித்து இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

மதிப்பெண்களைக் கூட்டிக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். முதலிடம் கோமதியின் முன்னுரை. என்னுடையது கடைசிக்கு முந்தையது. கடைசி, தேசப்பனின் டச்சு நாடு. என் முன்னுரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: "யாரோ பெருசு எழுதின மாதிரி கீது. மூச்சு முட்டுது."

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன்.

பாடு

இப்போது மறுபடி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். கிளிஞ்சலுக்கு அடியில் தேசப்பனின் கட்டுரை.

"யாருடா இந்த வேலையைச் செஞ்சது?"

"பாடு போட்டோம் சார்" என்றான் தேசப்பன்.

ஏரியைத் தெரியாத வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் குவிகிற இடம் உண்டு. விடிய விடிய வலை கட்டினாலும் பாசி மட்டுமே வருகிற இடமும் உண்டு. நல்ல இடத்தை ஒருவரே வைத்துக்கொண்டால் ஊரில் அடிதடிதான். அதனால் ஊர் கூடிச் சீட்டு குலுக்கி, எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. விழுந்த பாடு விழுந்ததுதான். பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ள முடியாது.

"மீனுக்குப் பாடு போடுவீங்க. முன்னுரைக்கு எதுக்குடா?"

"நீங்கதான சார் மார்க் போட்டு போர்டுல எயுதினீங்க? இது நல்ல எடம், இது மட்டமான எடம்னு ஆயிப்போச்சு. அப்பறம் நல்லது ஒர்த்தருக்கே போனா எப்டி?"

"அப்போ முடிவுரைக்கும் போட்டீங்களா?"

"அதுக்கு இன்னாத்துக்கு சார்? எல்லாருதும் ஒரே மாதிரி கீது. கோமதிது மட்டும்தான் வேற. அத யாரும் கேக்கல, புரியலன்னுட்டாங்க."

முப்பது வருட அனுபவத்தில் நான் பார்த்த எந்தப் பங்கீட்டு ஆணையிலும் இவ்வளவு ஒழுங்கான தர்க்கம் இருந்ததில்லை. ஆனால் அதைச் சொல்கிற நிலையில் நான் இல்லை. தலைகளை எல்லாம் அவரவர் உடலுக்குத் திருப்பி மாட்டுங்கள் என்று கத்தினேன். மேரி டீச்சரும் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. விழுந்த பாட்டை மாற்றினால் ஊரில் காறித் துப்புவார்கள் என்றான் தேசப்பன். அவன் கவலை அவனுக்கு.

என் கவலை வேறு. கோமதியின் கட்டுரையைப் பிரித்தேன். முதல் வரி: "வரலாற்று ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போமாயின்..."

என் முன்னுரை. பெயரில்லாமல் கட்டோடு கட்டாக அதுவும் சீட்டில் போய், அவளுக்கு விழுந்திருந்தது. ஒரு சீட்டு கூடுதலானதால் மிஞ்சிப்போன டச்சு நாட்டு முன்னுரைக்காக யாரும் துக்கப்படவில்லை, அதை எழுதிய தேசப்பன் உட்பட.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "கோமதி, மத்தவங்க எப்படியோ போகட்டும். உனக்கு அந்த இடம் வேணும். உன் முன்னுரையை நீ திரும்ப எழுதிடு. தேசப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"வேணாம் சார்."

"ஏம்மா?"

 "ஏரில எங்களுக்குப் பாடு கெடையாது சார். கையால புடிக்கிறவங்களுக்கு சீட்டு போட மாட்டாங்க. மொத தபா எம்பேர எயுதி, இவங்க கூட சேத்துக் குலுக்கினாங்க. அத போய் வாணாம்னு நான் எப்டி சார் சொல்லுவேன்?"

"அது மட்டமான முன்னுரைம்மா" என்றேன். என் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியும் சார்" என்றாள். "யாரோ பெருசு எயுதினது. நான் அத வெச்சே பின்னாடி சரி பண்ணிட்டேன்."

படித்துப் பார்த்தேன். என் பொன்னெழுத்து வாக்கியம் முடிந்ததும், அடுத்த பத்தியை அவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: "இப்படித்தான் பெரியவர்கள் சொல்வார்கள். ஏரியின் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு வேறு தெரியும்." அங்கிருந்து ஓடு, குடம், எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன.

உட்பட்டு

சான்றில் கையெழுத்துப் போட என்னால் முடியாது. போடாமல் இருந்தால் எந்தக் கட்டுரையும் போகாது. இப்படிப்பட்ட நெருக்கடிக்கென்றே அலுவலகத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. "இணைப்பில் காணும் விளக்கக் கடிதத்துக்கு உட்பட்டு" என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்திட்டேன். விளக்கக் கடிதத்தில் நடந்ததை முழுவதும் எழுதினேன். பாடு என்றால் என்ன, எந்தத் தலை எந்த உடலில், குறிப்பாகக் கோமதி என்ற மாணவியின் முன்னுரை சரிபார்ப்பாளரின் சொந்த ஆக்கம் என்பது வரை. இக்கட்டுரைகள் ஏற்கத்தக்கனவா எனத் தெளிவுரை வழங்குமாறு கேட்டு முடித்தேன்.

"எதுக்கு சார் இவ்ளோ வெவரமா?" என்றார் மேரி டீச்சர். "யாரும் கேக்கலையே?"

"கேட்டால் பதில் இருக்கணும் டீச்சர்" என்றேன். என்னைப் பார்த்தால் எனக்கே மரியாதையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. கோமதி தேர்வாகியிருந்தாள். விடுதியில் இடம். தேசப்பனின் கட்டுரையில் ஏறியிருந்த ஓடு தட்டிய முன்னுரைக்கு, "தொடர்பற்ற தொடக்கம்" என்று நடுவர் குறிப்பு. கோமதியின் கட்டுரைக்கு நடுவர்கள் எழுதியது: "முன்னுரை செறிவும் கம்பீரமும் மிக்கது."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் எழுத்துக்கு என் வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில் வந்து கிடைத்தது. மனைவியிடம் மட்டும் காட்டினேன். "அடுத்த பத்தியில அந்தப் பொண்ணு கை குடுத்துத் தூக்கியிருக்கா, தெரியலையா?" என்றாள். தெரிந்துதான் இருந்தது. பாராட்டைப் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

விளக்கக் கடிதத்துக்குப் பதில் மட்டும் வரவில்லை.

விடுதிக்குப் போவதற்கு முந்தைய நாள், கோமதியின் அப்பா பறி நிறைய நண்டோடு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"எனுக்குப் படிப்பு தெரியாது சார். ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அனுப்பிட்டு, அப்பறம் தப்பு ஆயிப்போச்சு வூட்டுக்குப் போன்னு தொரத்த மாட்டாங்களே? புள்ள தாங்காது சார். ராத்திரில எல்லாம் நைனா நைனான்னு எழுப்பி, ஆஸ்டல் எப்டி இருக்கும்னு கேட்டுனே கீது."

"மாட்டாங்க" என்றேன். எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லாமல் நான் கொடுத்த முதல் உறுதிமொழி அதுதான்.

நினைவூட்டு

அதற்குப் பிறகுதான் நான் தபால்காரரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பத் தொடங்கினேன்.

பணியில் இருந்தபோது நான் நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பேர்போனவன். பதில் வராவிட்டால் முதல் நினைவூட்டு, பிறகு இரண்டாவது, பிறகு மேலதிகாரியின் பெயரில் ஒன்று. பதில் வாங்காமல் ஒரு கோப்பை மூடியதில்லை. அப்படிப்பட்டவன், என் கடிதம் எங்காவது தொலைந்து போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். எந்த அலுவலகமாவது சுறுசுறுப்பாக இருக்கிறது என்று செய்தி படித்தால் பகீரென்றது. அரையாண்டு, முழுஆண்டு என்று அவள் மதிப்பெண்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் காட்ட அவள் அப்பா வந்தார். ஒவ்வொரு முறையும் நண்டு. நண்டை உடைக்கும்போதெல்லாம் விதி ஏழு நினைவுக்கு வரும்.

"அந்த லெட்டருக்குப் பதில் வந்துச்சா சார்?" என்று ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மேரி டீச்சர் கேட்டார்.

"எந்த லெட்டர்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நானும் அதான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கடைசியில் அது வந்தது. பழுப்பு உறை. உள்ளே இரண்டே வரி: விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி மாணவியின் கட்டுரையைப் பரிசுக்கு ஏற்க இயலாது, அவ்வாறு ஏற்கப்பட்டிருப்பின் உடனே ரத்து செய்யப்பட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். நான் எழுதிய அதே வாரத்தில் தட்டச்சாகி, அதே வாரத்தில் கையெழுத்தும் ஆகியிருந்தது. முடிவு வருவதற்கு முன்பே ரத்து தயார். அனுப்பும் பிரிவில் மட்டும் நின்றுபோயிருந்தது. பசை தீர்ந்திருக்கலாம். எழுத்தர் மாறுதலில் போயிருக்கலாம். பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்கலாம். கையெழுத்தாகி அனுப்பப்படாத கடிதம் எழுதப்படாத கடிதத்துக்குச் சமம். அதைப் பற்றிப் பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது. இதை நான் எத்தனையோ எழுத்தர்களைத் திட்டியே விளக்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவராவது நான் சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்ததற்கு நன்றி.

கடிதம் கைக்கு வந்த நாளை அதன் மூலையில் குறித்து வைப்பது என் வழக்கம். குறித்தேன்: பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, பிற்பகல். கோமதி பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வை எழுதி முடித்து, பெட்டியோடு விடுதியைவிட்டுக் கிளம்பிய நாள்.